மாலை ஆறு மணிக்கு மேல் கணினியில் மட்டும் வைஃபை ஊர்கிறது (வேலூர், வேலப்பாடி)

வேலப்பாடி கணக்கர் | மே 12, இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். வேலப்பாடியில் வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் தொழில் செய்கிறேன். ராணிப்பேட்டை, பேரணாம்பட்டுப் பக்கம் தோல் வேலை எடுத்துச் செய்யும் பதினான்கு சிறு பட்டறைகளுக்கு மாதாமாதம் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்வது என் பொறுப்பு. நேற்று 11ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்குக்குக் கடைசி நாள். மாலை ஆறரையிலிருந்து இரவு பதினொன்றரை வரை திரையில் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பதினான்கில் இரண்டைக் கைபேசி வழியாக இணைத்துத்தான் முடித்தேன். அடுத்து 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாத வரிக் கணக்கு இருக்கிறது. தாமதமானால் கட்டணம் அந்தச் சிறு முதலாளிகளின் தலையில் விழும். அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

வீட்டின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஃபைபர் இணைப்பு, 100 மெகாபிட் திட்டம். ரவுட்டர் முன்கூடத்தில் டிவி பக்கத்தில் இருக்கிறது. கணினி பின்னறையில். இரண்டுக்கும் நடுவில் தாத்தா கட்டிய கருங்கல் சுவர், ஒன்றரை அடி கனம். கணினியில் வைஃபை வசதி இல்லாததால் விரல் நகம் அளவுள்ள யூஎஸ்பி டாங்கிள் ஒன்றை வாங்கி சிபியுவின் பின்புறம் சொருகி இரண்டு வருடங்கள் ஆகின்றன. இத்தனை நாளும் நன்றாகத்தான் இருந்தது.

பத்து நாட்களாகத்தான் இந்தத் தொல்லை. காலையில் வேகச் சோதனை செய்தால் 38 மெகாபிட் வருகிறது. மாலை ஆறு, ஆறரைக்கு மேல் 3. கைபேசியில் எந்த நேரமும் குறை இல்லை. இணைப்பு கொடுத்தவர்களிடம் கேட்டேன். லைன் சரியாக இருக்கிறது, 200 மெகாபிட் திட்டத்துக்கு மாறிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். திட்டத்தை மாற்றுவதா, ரவுட்டரை மாற்றுவதா, டாங்கிளை மாற்றுவதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஆம்பூர்க்காரன் | மே 12, இரவு 9.35

மாலையில் எல்லா வீட்டிலும் ஆட்கள் வந்துவிடுவார்கள், எல்லோரும் படம் பார்ப்பார்கள், அதனால்தான் வேகம் குறைகிறது. எனக்கும் இதே கதைதான். டிஎன்எஸ் முகவரியை 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள். விண்டோஸைப் புதிதாகப் போட்டாலும் சரியாகலாம்.

காட்பாடி சந்திப்பு | மே 12, இரவு 10.20

அண்ணா, தயவுசெய்து இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். ஒரு கல்லூரியில் நெட்வொர்க் பராமரிப்பில் இருக்கிறேன். விடுதி மாணவர்களிடமிருந்து தினமும் இதே புகார் வரும். இணையம் மெதுவாக இருக்கிறது என்று சொல்வது, தண்ணீர் வரவில்லை என்று சொல்வது போலத்தான். மேல்தொட்டியில் இல்லையா, குழாயில் அடைப்பா, திருகு கெட்டுவிட்டதா என்று பார்க்காமல் லாரித் தண்ணீர் வாங்கினால் பணம்தான் போகும்.

உங்கள் வீட்டுப் பாதை மூன்று துண்டு. தெருவிலிருந்து ரவுட்டர் வரை ஒன்று. ரவுட்டரிலிருந்து காற்று வழியாக உங்கள் மேசை வரை ஒன்று. மேசைக்கு வந்ததைக் கணினி வாங்கிக்கொள்வது மூன்றாவது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக, தொல்லை நடக்கும் அதே மாலை நேரத்தில் அளக்க வேண்டும். காலையில் அளந்து பயனில்லை.

முதல் துண்டுக்கு ஒரு லேப்டாப்பைக் கேபிள் போட்டு நேராக ரவுட்டரில் செருகி வேகம் பாருங்கள். இரண்டாவதற்குக் கைபேசியைச் சிபியுவின் தலைமேல் வைத்து வேகம் பாருங்கள். கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்த கணக்கு வேண்டாம். இன்னொன்று, வைஃபை பேசும் இரண்டு அலைவரிசைகளில் கைபேசி 2.4 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருக்கிறதா, 5 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருக்கிறதா என்று பார்த்து, இரண்டிலும் தனித்தனியாக அளவெடுங்கள். உங்கள் டாங்கிள் அநேகமாக 2.4 மட்டும்தான் எடுக்கும். கைபேசி 5இல் ஓடினால் இரண்டையும் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

மூன்றாவதற்குக் கணினியில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து நெட்ஷ், டபிள்யூலேன், ஷோ, இன்டர்ஃபேசஸ் என்ற நான்கு சொற்களையும் இடைவெளி விட்டு ஆங்கிலத்தில் அடியுங்கள். அதில் சேனல் (அலைவரிசைக்குள் எந்தத் தடம்), ரிசீவ் ரேட் (ரவுட்டர் பேசுவதை டாங்கிள் வாங்கும் வேகம்), சிக்னல் மூன்றும் வேண்டும். பிறகு ரவுட்டரின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1, நூறு முறை பிங் அடித்து (அதாவது குரல் கொடுத்துப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து) விடைகளைப் போடுங்கள். வேகச் சோதனையில் பதிவிறக்கம், பதிவேற்றம் இரண்டு எண்ணையும் எழுதுங்கள். பலர் முதல் எண்ணோடு நிறுத்திவிடுவார்கள்.

ஆம்பூர் நண்பருக்கு: டிஎன்எஸ் என்பது பெயரைச் சொன்னால் விலாசம் எடுத்துக் கொடுக்கும் வேலை. அது மந்தமாக இருந்தால் பக்கம் திறக்கத் தொடங்குவதற்குத் தாமதமாகும். 38 மெகாபிட் 3 ஆகக் குறைவதற்கு அது காரணமாகாது. பதினான்கு பேரின் கணக்கு இருக்கிற கணினியில் விண்டோஸை அழித்துப் போடச் சொல்வதும் எனக்குச் சம்மதமில்லை.

பாலாற்றங்கரை | மே 13, காலை 7.15

வாலாஜாபேட்டையிலிருந்து எழுதுகிறேன். அண்ணா, ரவுட்டரைத் தொட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் பரண்மேல், மொட்டை மாடித் தளத்துக்கு ஒரு முழம் கீழே வைத்திருந்தோம். சித்திரை வெயிலில் மத்தியானம் தானாக நின்று நின்று வரும். பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களின் கையேட்டில் 0 முதல் 40 டிகிரி வரைதான் தாங்கும் என்று போட்டிருக்கிறது. நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் வெளியிலேயே நாற்பதைத் தாண்டுகிறது, பரண்மேல் கேட்கவே வேண்டாம். கீழே இறக்கிக் காற்றோட்டமாக வைத்த பிறகு நிற்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுவர் தடுக்கிறது என்று யாராவது ரிப்பீட்டர் வாங்கச் சொன்னால் அவசரப்படாதீர்கள். நான் வாங்கினேன். சிக்னல் கம்பி முழுதாகக் காட்டியது, வேகம் பாதிக்குக் கீழே போய்விட்டது. அது ஒரே அலைவரிசையில் கேட்டதையே திரும்பச் சொல்கிறது. ஒரு சேதிக்கு இரண்டு முறை காற்றைப் பிடித்துக்கொள்கிறது.

வேலப்பாடி கணக்கர் | மே 13, இரவு 8.05

தம்பி சொன்னபடி ஒவ்வொன்றாகச் செய்தேன். அக்கா மகனின் லேப்டாப்பை வாங்கி வந்தேன். எல்லாம் மாலை 6.45 முதல் 7.40க்குள் எடுத்தவை.

கேபிளில் நேராக ரவுட்டரில்: 95.
கைபேசி சிபியு மேல், 2.4இல்: 41. அதே இடத்தில் 5இல்: 19.
கணினியில் பதிவிறக்கம் 2.8, பதிவேற்றம் 17.

சேனல் 6. சிக்னல் 84 விழுக்காடு. ரிசீவ் ரேட் 6.5 என்று காட்டுகிறது. காலையில் இதே இடத்தில் 72 இருந்தது. ரவுட்டருக்கு நூறு பிங் அடித்ததில் குறைந்தது 2 மில்லிவிநாடி, அதிகம் 780, நான்கு தொலைந்துவிட்டன.

சகோதரி, ரவுட்டர் தொட்டால் சுடவில்லை, இதமான வெதுவெதுப்புதான்.

காட்பாடி சந்திப்பு | மே 13, இரவு 8.50

அருமையாக அளந்திருக்கிறீர்கள் அண்ணா. இந்த எண்களே பாதி வழக்கை முடித்துவிட்டன.

கேபிளில் மாலையிலும் 95 வருகிறது. ஆகவே உங்களுக்கு இணைப்பு கொடுத்தவர்கள் மேல் குறை இல்லை, 200 மெகாபிட் திட்டமும் தேவையில்லை. கைபேசி அதே மேசையில், அதே 2.4இல் 41 எடுக்கிறது. ஆகவே காற்றும் சுவரும் இவ்வளவு பெரிய வீழ்ச்சிக்குக் காரணமில்லை. அக்கம்பக்கத்து நெரிசல் என்றால் கைபேசியும் சேர்ந்து அடிவாங்கியிருக்கும்.

இரண்டு விஷயங்களை உற்றுப் பாருங்கள். சிக்னல் 84 விழுக்காடு, ஆனால் ரிசீவ் ரேட் 6.5. ரவுட்டர் பேசுவது உங்கள் டாங்கிளுக்கு உரக்கக் கேட்கிறது, ஆனால் சொல் புரியவில்லை. புரியாததால் ரவுட்டர் நிறுத்தி நிறுத்தி, எழுத்துக்கூட்டிச் சொல்கிறது. 6.5 என்பது இந்த வகை இணைப்பின் அடிமட்ட வேகம். அடுத்தது, இறக்கம் 2.8, ஏற்றம் 17. நீங்கள் பேசுவது ரவுட்டருக்கு ஓரளவு கேட்கிறது, அது பேசுவதுதான் உங்களுக்குக் கேட்கவில்லை. இரைச்சல் ரவுட்டர் பக்கம் இல்லை, உங்கள் டாங்கிளின் காதோரம் இருக்கிறது. அது என்ன இரைச்சல் என்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

ஆம்பூர்க்காரன் | மே 13, இரவு 9.05

விளக்கத்துக்கு நன்றி. என் கைபேசியில் ஒரு செயலி வைத்து அக்கம்பக்கத்துச் சேனல்களைப் பார்த்தேன். 1, 6, 11 மூன்றிலும் ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள், 9 காலியாக இருக்கிறது. வேலப்பாடி நண்பரும் ஒன்பதுக்கு மாற்றிப் பார்க்கலாமே?

காட்பாடி சந்திப்பு | மே 13, இரவு 9.20

வேண்டாம் நண்பரே. சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி, ஆனால் ஒவ்வொரு இணைப்பும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை எடுத்துக்கொள்கிறது. ஒன்பதில் உட்கார்ந்தால் ஆறோடும் மோதும், பதினொன்றோடும் மோதும். ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருப்பார்கள். அரைகுறையாக மேலே விழுபவரின் பேச்சு யாருக்கும் புரியாது, வெறும் சத்தமாகத்தான் படும். அதனால்தான் 1, 6, 11 மூன்றில் ஆள் குறைவான ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம்.

ஓய்வுபெற்ற லைன்மேன் | மே 14, காலை 6.30

குடியாத்தத்தில் இருக்கிறேன். முப்பத்துநான்கு ஆண்டுகள் தொலைபேசிக் கம்பி வேலை பார்த்தவன். வைஃபை எனக்குப் பிந்திய காலத்துச் சரக்கு. ஆனால் இரைச்சல் என்ற சொல்லைக் கேட்டதும் எழுதத் தோன்றியது.

ஒரு நெசவாளர் வீட்டுத் தொலைபேசி தினமும் மாலை ஆறேகாலுக்குக் கரகரக்கும், ஒன்பதரைக்கு நின்றுவிடும். கம்பம் ஏறினேன், பெட்டி மாற்றினேன், கம்பியே புதிதாக இழுத்தேன். பகலில் போய்ப் பார்த்தால் சுத்தமாக இருக்கும். கடைசியில் ஒரு நாள் மாலை ஐந்தரைக்கே போய் அந்தத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். ஆறேகாலுக்குக் கீழே இருந்த மளிகைக்கடைக்காரர் டியூப்லைட்டைப் போட்டார். அந்த நொடியே கரகரவென்று ஆரம்பித்தது. பழைய சோக், எங்கள் கம்பி அதை உரசியபடி போயிருந்தது. ஒன்பதரைக்கு அவர் கடை சாத்துவார்.

தம்பி, ஊரில் மாலை என்ன நடக்கிறது என்பதை விட்டுவிடுங்கள். உங்கள் மேசையில் மாலை ஆறு மணிக்கு என்ன மாறுகிறது? கை எதையெல்லாம் தொடுகிறது? விளக்கு, விசிறி, எதுவானாலும் விடாமல் எழுதுங்கள். பத்து நாட்களுக்கு முன் புதிதாக வந்த பொருள் எது என்றும் யோசியுங்கள்.

வேலப்பாடி கணக்கர் | மே 14, காலை 10.40

ஐயா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு மேசை முன் உட்கார்ந்து நேற்றைய மாலையை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன்.

ஐந்தே முக்காலுக்குக் காபி. ஆறு மணிக்கு விளக்கும் மேசை விசிறியும் போடுவேன். பிறகு அன்றைய கணக்கை நகலெடுத்து வைக்க வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகுவேன். இரவு படுக்கப்போகும்போதுதான் கழற்றுவேன். பிரிண்டர் பகலிலும் ஓடும்.

புதிதாக வந்தது அந்த ஹார்ட் டிஸ்க்தான். பழையது பழுதாகிவிட்டதால் இந்த மாதம் 2ஆம் தேதி வேறொன்று வாங்கினேன். பழையதைவிட நகல் மிக வேகமாக எடுக்கிறது. ஹார்ட் டிஸ்க்குக்கும் வைஃபைக்கும் சம்பந்தம் இருக்குமா என்று தெரியவில்லை, நீங்கள் விடாமல் எழுதச் சொன்னதால் எழுதிவிட்டேன்.

லாங் பஜார் மெக்கானிக் | மே 14, காலை 11.15

சார், இருக்கிறது, நிறையவே இருக்கிறது. மூன்று கேள்வி. சிபியு பின்னால் ஹார்ட் டிஸ்க் செருகும் துவாரத்தின் உள்ளே நாக்கு நீல நிறமா? டாங்கிள் அதற்கு ஒட்டிய துவாரத்திலா இருக்கிறது? உங்கள் மவுஸ் கம்பியில்லாததா, அப்படியென்றால் மாலை நேரத்தில் அம்புக்குறி திக்கித் திக்கி நகர்கிறதா?

வேலப்பாடி கணக்கர் | மே 14, காலை 11.50

நீலம்தான். டாங்கிள் அதற்கு நேர் கீழே, நடுவில் ஒரு விரல்கூட நுழையாது. மவுஸ் கம்பியில்லாததுதான். பத்து நாட்களாக இரவில் அம்புக்குறி நின்று நின்று ஓடுகிறது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து இரண்டு முறை மாற்றிவிட்டேன்!

லாங் பஜார் மெக்கானிக் | மே 14, பகல் 12.30

மவுஸும் சேர்ந்து திக்குகிறது என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை. நீல நாக்கு என்றால் யூஎஸ்பி 3. அந்தக் கம்பியில் தகவல் விநாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடும். ஓடும்போது பரந்த அலைவரிசையில் இரைச்சலைக் கசியவிடும். அந்தக் கசிவு வைஃபையும் மவுஸும் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்திலும் விழுகிறது. இது நான் கடையில் கண்டுபிடித்த கதை இல்லை சார். இன்டெல் நிறுவனமே 2012இல் அளந்து பார்த்து அறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. பழைய டிஸ்க் யூஎஸ்பி 2 வகையாக இருந்திருக்கும். அதன் வேகம் 480 மெகாபிட்தான், இந்த வம்பு அதில் கிடையாது. வேகமான புது டிஸ்க் வந்தது, வைஃபை படுத்தது.

இரைச்சல் கசிவது துவாரத்தின் வாயிலும் டிஸ்க்கின் கம்பியிலும்தான். அங்கிருந்து ஓரடி, இரண்டடி தள்ளிப் போனாலே சட்டென்று குறைந்துவிடும். உங்கள் கைபேசி சிபியுவின் தலைமேல் இருந்ததால் தப்பித்தது. டாங்கிள் பாவம், அதன் வாயருகே மூக்கை வைத்துக்கொண்டிருக்கிறது. போதாக்குறைக்குச் சிபியுவின் தகரப் பெட்டி வேறு முன்புறத்தை மறைக்கிறது.

செலவில்லாத சோதனை ஒன்று. இன்று மாலை டிஸ்க்கைச் செருகி நகல் எடுத்துக்கொண்டே வேகம் பாருங்கள். பிறகு முறைப்படி எஜெக்ட் கொடுத்துக் கழற்றிவிட்டு, வேறு எதையும் தொடாமல் மறுபடி பாருங்கள். மறுபடி செருகி இன்னொரு முறை. மூன்று முறையும் ஒத்துவந்தால்தான் நம்ப வேண்டும், ஒரு முறை பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

உறுதியானால் ஒன்றரை மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்று வாங்கி டாங்கிளை மேசைக்கு மேலே, ரவுட்டர் இருக்கும் திசையைப் பார்த்தபடி வையுங்கள். டாங்கிளுக்கு யூஎஸ்பி 2 கேபிளே போதும்.

வேலப்பாடி கணக்கர் | மே 14, இரவு 7.30

செருகி: 3.1. கழற்றி: 39. செருகி: 2.6. கழற்றி: 38.

நான்காவது முறை என் மனைவியைக் கூப்பிட்டு டிஸ்க்கைக் கழற்றச் சொல்லிவிட்டு, நான் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பி வெளியே வந்த இரண்டாவது விநாடி வேகமானியின் முள் எழுந்து நின்றது. பத்து நாட்கள் தெருவையும் அண்டை வீட்டையும் சந்தேகப்பட்டிருக்கிறேன். காரணம் என் முழங்காலுக்கு அருகில் இருந்திருக்கிறது. லைன்மேன் ஐயாவுக்கும் மெக்கானிக் நண்பருக்கும் காட்பாடித் தம்பிக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

ஆம்பூர்க்காரன் | மே 15, காலை 8.00

இதைப் படித்துவிட்டு நானும் அளந்தேன். எனக்கு வேறு மாதிரி வருகிறது. கேபிளில் 90க்கு மேல் வருகிறது, கணினியில் இறக்கம் 4, ஏற்றம் 2. சிக்னல் 22 விழுக்காடு. ரவுட்டர் அதே அறையில்தான் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் எதுவும் இல்லை. போன மாதம் புதிதாகச் சேர்த்துக் கட்டிய கணினி, வைஃபை மதர்போர்டிலேயே இருக்கிறது.

லாங் பஜார் மெக்கானிக் | மே 15, காலை 9.10

தம்பி, சிபியுவின் பின்பக்கம் பித்தளை நிறத்தில் மரை போட்ட இரண்டு சிறு மூக்குகள் நீட்டிக்கொண்டிருக்கின்றனவா? அவற்றில் ஆன்டெனா திருகியிருக்கிறதா? மதர்போர்டு வந்த அட்டைப் பெட்டியைத் தேடிப் பாருங்கள், பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கலாம். ஒரே அறையில் 22 விழுக்காடு என்றால் ஆன்டெனா இல்லாமல் ஓடுகிறது என்றுதான் நினைக்கிறேன்.

ஆம்பூர்க்காரன் | மே 15, காலை 9.55

பெட்டிக்குள்தான் இருந்தது, உறைகூடப் பிரிக்கவில்லை. திருகினேன். 91. கட்டிக் கொடுத்தவர் திருகாமலே விட்டுவிட்டார். ஒரு மாதமாக விண்டோஸை மூன்று முறை போட்டுப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு மனமார்ந்த நன்றி அண்ணா.

வேலப்பாடி கணக்கர் | மே 15, இரவு 8.20

நூற்றிருபது ரூபாய்க்கு எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கினேன். டாங்கிளை மேசை விளிம்பில் ஒட்டிவைத்தேன். டிஸ்க் ஓடும்போதே 33. ரவுட்டருக்கு பிங் 2 முதல் 14 மில்லிவிநாடிக்குள் நிற்கிறது.

வேலை தடையில்லாமல் நடக்கிறது. ஆனால் ரவுட்டரில் 95 இருக்கும்போது 33 என்பது மனதை உறுத்துகிறது. இரண்டு அலைவரிசையும் எடுக்கும் டாங்கிள் வாங்கலாமா?

காட்பாடி சந்திப்பு | மே 15, இரவு 9.00

உங்கள் பழைய அளவே பதில் சொல்கிறது அண்ணா. கைபேசி 5 கிகாஹெர்ட்ஸில் அந்த மேசையில் 19தான் எடுத்தது. 5 வேகமானதுதான், ஆனால் சுவர் தாண்டுவதில் 2.4ஐவிடப் பலவீனமானது. ஒன்றரை அடிக் கருங்கல்லில் அது களைத்துப்போகிறது. செங்கல் சுவர் வீடாக இருந்தால் தயங்காமல் வாங்கச் சொல்வேன். உங்கள் வீட்டுக்கு வேண்டாம். 2.4இல் இந்த டாங்கிளின் உச்ச இணைப்பு வேகம் 72, அதில் ஏறத்தாழப் பாதி கையில் கிடைத்தாலே நல்ல தேர்ச்சி. ஆகவே 33 குறைவான எண் இல்லை.

மேசைக் கணினி எங்கும் நகராது. நகராத பொருளுக்குக் கேபிளே சிறந்தது என்பது என் உறுதியான எண்ணம். வைஃபையைக் கைபேசிக்கு விட்டுவிடுங்கள்.

பாலாற்றங்கரை | மே 15, இரவு 9.25

நானும் கடைசியில் கேபிள்தான் போட்டேன் அண்ணா. ரிப்பீட்டருக்குக் கொடுத்த பணத்தில் பாதிகூட ஆகவில்லை. மூன்று வருடங்களாக ஒருநாள்கூட அதைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

வேலப்பாடி கணக்கர் | மே 15, இரவு 9.40

கருங்கல்லைத் துளைக்க மனம் வரவில்லை. மொட்டை மாடி வழியாக வெளியே கொண்டுபோய்ப் பின்பக்கம் இறக்கலாமா?

ஓய்வுபெற்ற லைன்மேன் | மே 16, காலை 6.10

மாடி வழியாக வேண்டாம் தம்பி. இந்த மாதம் நம் பக்கம் எப்படிப்பட்ட மாதம் என்று உங்களுக்கே தெரியும். பகலெல்லாம் காய்ந்து, மாலை நான்கு மணிக்கு மேல் கறுத்து, இடியோடு கொட்டும். மேலே கிடக்கும் செம்புக் கம்பி மின்னலுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது போல. நேராக விழ வேண்டியதில்லை, பக்கத்தில் விழுந்தாலே கம்பியில் பாயும் மின்னழுத்தம் ரவுட்டரையும் கணினியையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். என் காலத்தில் இடி மழைக்கு மறுநாள் கருகிய தொலைபேசிகளை மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்திருக்கிறேன். உங்கள் வீட்டுக்குள் வருவது கண்ணாடி இழை, அதில் மின்சாரம் பாயாது. நீங்களாகச் செம்பை மாடிமேல் ஏற்ற வேண்டாம்.

பழைய வீடு என்கிறீர்கள். கதவுநிலைக்கு மேல் காற்றுப்போக்கிக்கு விட்ட துவாரம் கட்டாயம் இருக்கும். அதன் வழியே உள்ளுக்குள்ளேயே கொண்டுபோங்கள். கரன்ட் கம்பியோடு ஒட்டி ஓடவிடாமல் ஒரு சாண் தள்ளியே கொண்டுபோங்கள். குறுக்கே தாண்ட வேண்டுமென்றால் நேர் செங்குத்தாகத் தாண்டுங்கள்.

லாங் பஜார் மெக்கானிக் | மே 16, காலை 10.00

ஐயா சொல்வது முற்றிலும் சரி. கேபிள் வாங்கும்போது ஒன்று பார்க்க வேண்டும் சார். கேட் 6 என்று அச்சடித்து, உள்ளே அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய கம்பி சந்தையில் நிறைய விற்கிறது. ஓரங்குலம் உரித்து, ஒரு கம்பியின் மேல்பரப்பை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளேயும் சிவப்பாகவே இருந்தால் செம்பு. வெள்ளை பளிச்சிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது எளிதில் ஒடியும், மாதக்கணக்கில் ஆனதும் முனையில் பிடிப்பு விடும்.

முனை கட்டும்போது எட்டுக் கம்பியையும் போடச் சொல்லுங்கள். சில பேர் நான்கு கம்பியோடு முடித்துவிடுவார்கள். 100 மெகாபிட்டுக்கு அது ஓடும். நாளைக்கே நீங்கள் பெரிய திட்டத்துக்குப் போனால் அந்த நூறிலேயே மாட்டிக்கொள்வீர்கள். கிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். வரிசை இதுதான்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் ஒரே வரிசை. ஜோடிகளின் முறுக்கை வேண்டியதற்கு மேல் பிரிக்கக் கூடாது, அந்த முறுக்குத்தான் இரைச்சலைத் தடுக்கிறது.

வேலப்பாடி கணக்கர் | மே 19, இரவு 7.20

ஞாயிற்றுக்கிழமை கேபிள் போட்டாகிவிட்டது. லைன்மேன் ஐயா சொன்ன துவாரம் அப்படியே இருந்தது, நிலைக்கு மேல், தாத்தா வைத்த மரச்சட்டத்தோடு. குருவி கூடு கட்டிவிட்டுப் போன வைக்கோலை எடுத்துவிட்டு அதன் வழியே இழுத்தோம். மொத்தம் 22 மீட்டர். இந்தக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும் என்று கடைக்காரர் சொன்னார். சுரண்டிப் பார்த்துத்தான் வாங்கினேன், முதல் கடையில் வெள்ளை பளிச்சிட்டது. முனை கட்ட வந்த பையனுக்கு உங்கள் வண்ண வரிசையைத் தாளில் எழுதிக் கொடுத்தேன், எட்டும் போட்டான்.

இன்று மாலை 6.30க்கு டிஸ்க்கைச் செருகி நகல் ஓடவிட்டு அளந்தேன். இறக்கம் 95, ஏற்றம் 94. ரவுட்டருக்கு நூறு பிங், எல்லாம் ஒரு மில்லிவிநாடிக்குள், ஒன்றுகூடத் தொலையவில்லை. பதினான்காவது பட்டறையின் 3பி கணக்கு 6.52க்கு ஏறிவிட்டது. கெடுவுக்கு ஒரு நாள் முன்னதாக.

நீல நாக்கில் டிஸ்க் இருக்கும்வரை மவுஸ் மட்டும் திக்கிக்கொண்டே இருந்தது. டாங்கிளைக் கழற்றிவிட்டு, அந்த நூற்றிருபது ரூபாய் எக்ஸ்டென்ஷன் கேபிளில் மவுஸின் ரிசீவரை மாட்டி மேசைமேல் வைத்தேன். இப்போது அம்புக்குறி கையோடு வருகிறது.